கட்டாத மாடியின் கீழே

முதல் துளி உலகம்மாளின் நெற்றியில் விழவில்லை. தலையணையின் ஓரத்தில்தான் விழுந்தது. அதற்காக அவள் கணவர் குற்றாலிங்கம் வாய்க்குள்ளேயே நன்றி சொல்லிவிட்டார், யாருக்கு என்று தெரியாமல். சொல்லி முடிப்பதற்குள் அந்த நன்றியின் சிறுமை அவரையே சுட்டது. சற்றுத் தள்ளி விழுந்த ஒரு சொட்டுத் தண்ணீருக்குக் கைகூப்பும் நிலைக்கு ஒரு மனிதன் வந்துவிட்டால், இனி அவன் எதைக் கேட்பான், யாரிடம் கேட்பான்? காலையிலிருந்து மழை நிற்கவில்லை. தென்காசிக்காரர்களுக்கு மழை புதிதல்ல. ஆனியிலும் ஆடியிலும் வருகிற சாரல், தெரிந்தவர் வீட்டுக் குழந்தையைக் கொஞ்சுவதுபோல முகத்தைத் தடவிவிட்டுப் போய்விடும். இது அந்த மழை அல்ல. கார்த்திகை அடைமழை. வந்தால் வீட்டின் குற்றங்குறைகளையெல்லாம் விசாரித்து முடித்துவிட்டுத்தான் கிளம்பும். கன்னிமூலையில் வாளி வைத்திருந்தார். அதற்கு இப்பால் சருவச்சட்டி. பீரோவின் தலையில் குக்கர். குக்கரின் வாய் சிறியதாகையால் சுற்றிலும் பழைய வேட்டி. நேற்றுவரை தண்ணீர் அந்த மூலையோடு நின்றிருந்தது. இன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அது நடக்கத் தொடங்கியது. கூரையின் அடியில் ஒரு கறுத்த கோடு, மூலையிலிருந்து புறப்பட்டு, மின்விசிறியின் கொக்கியைச் சுற்றிக்கொண்டு, கட்டிலை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். பார்க்காததுபோல் இருந்தார். மறுபடியும் பார்த்தார். கோடு வந்து நின்ற இடத்தில் பூச்சு மெல்ல உப்பியிருந்தது, வாய் நிறையத் தண்ணீரை அடக்கிக்கொண்டு கன்னம் உப்ப நிற்பவனைப்போல. "ஒண்ணுமில்ல உலகு, ஜன்னல் வழியா சாரல் அடிக்கு" என்றார். ஜன்னல் சாத்தியிருந்தது. அது சாத்தியிருப்பதை உலகம்மாளும் பார்த்தாள். பங்குனியில் வாதம் வந்து வலப்பக்கம் விழுந்ததிலிருந்து அவளிடம் மிஞ்சியிருப்பவை இரண்டு கண்களும் ஓர் இடக்கையும் சில சொற்களும்தான். அந்தக் கண்கள் ஜன்னலிலிருந்து கூரைக்குப் போய், கூரையிலிருந்து அவர் முகத்துக்கு வந்து, அங்கேயே நின்றன. அவர்தான் பார்வையை விலக்கிக்கொண்டார்.

கம்பி. எல்லாம் அந்தக் கம்பியிலிருந்துதான் இறங்குகிறது. அது அவருக்குத் தெரியும். தெரிந்த ஒன்றைத் தெரியாததாக வைத்துக்கொள்ள ஒரு மனத்துக்கு எவ்வளவு உழைப்பு வேண்டும்! கல் உடைக்கிறவன்கூட மாலையில் சம்மட்டியைக் கீழே வைக்கிறான். பொய்யைச் சுமப்பவனுக்கு இறக்கி வைக்க மேடை கிடையாது. இலஞ்சி சாலையில் இந்த வீட்டுக்குத் தளம் போட்டு முடித்த மாலையில், கொத்தனார் மாடசாமி தூண்களின் தலையில் இடுப்பளவு உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளைக் காட்டி, "சார்வாள், இதை வெட்டிரவா, விட்டு வைக்கவா?" என்று கேட்டார். கேள்வி அவ்வளவுதான். குமரன் அப்போது சைக்கிளுக்குக் கால் எட்டாத சிறுவன். மணல் குவியலில் சறுக்கிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்தபடியே குற்றாலிங்கம், "விட்டு வையும். பய தலையெடுத்தா மேல எழுப்பணும்லா" என்றார். கொத்தனாருக்கும் மகிழ்ச்சி. "அதான் முறை. மத்தது போனாலும் போகட்டும், கன்னிமூலைக் கம்பியை மட்டும் எந்தக் காலத்துலயும் அறுத்துராதிய. வளருத வீட்டோட குடுமியை அறுத்த மாதிரி ஆயிரும்." அந்தக் கன்னிமூலையின் கீழேதான் இந்த அறை, இந்த அறையில்தான் இந்தக் கட்டில். நம் ஊர்களில் எந்த மொட்டைமாடியில் ஏறி நின்று சுற்றிலும் பார்த்தாலும் இந்தக் கம்பிகளைக் காணலாம். மகனுக்கு ஒரு தளம், மகளுக்கு ஒரு தளம் என்று வானத்தைப் பார்த்து நிற்கும் இரும்பு நேர்த்திக்கடன்கள். சிலர் அவற்றின் தலையில் பழைய பிளாஸ்டிக் புட்டியைக் கவிழ்த்து வைப்பார்கள். சிலர் கொடி கட்டித் துணி காயப்போடுவார்கள். அதில் தவறில்லை. பிள்ளைக்காக ஆசைப்படாத தகப்பன் யார்? ஆனால் ஆசைக்கும் ஒரு பருவம் உண்டு. வெயில் காலத்தில் அந்தக் கம்பி நம்பிக்கையாக நிற்கிறது. மழைக் காலத்தில் அதே கம்பி தண்ணீர் உள்ளே இறங்குகிற வழியாகிறது. துரு பிடித்து, ஊதி, தன்னைப் பிடித்திருக்கிற தூணையே அது பிளக்கிறது. படிக்கிறவர்களே, உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று நிற்கக்கூடும்; அது இரும்பால் ஆனதாகவே இருக்கவேண்டும் என்பதில்லை.

சித்திரையில் குமரன் கோயம்புத்தூரிலிருந்து போனில் பேசினான். கெட்ட பிள்ளை அல்லன். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் கட்டிலடியில் துண்டை விரித்துப் படுத்தவன். அவனைக் கெட்டவனாக்கிப் பார்க்கவும் குற்றாலிங்கம் சில நாள் முயன்றார், மனம் ஒப்பவில்லை. ஒப்பியிருந்தால் எவ்வளவு எளிதாக இருந்திருக்கும்! "யப்பா, நான் இங்க ஃபிளாட் வாங்கிட்டேன். அம்மையைக் கூட்டிட்டு நீங்க வந்துருங்க. லிஃப்ட் இருக்கு, பக்கத்துல டாக்டர் இருக்காக." அவர் சொன்னார்: "இங்க மாடி எழுப்பணும்டே. அதுக்குத்தான கம்பி நிக்கி." "மாடி யாருக்குப்பா? நான் இனி அங்க வந்து இருக்கப் போறதில்ல. அந்தக் கம்பியை அறுத்துப் போட்டுட்டு, ஒழுக்கை அடைச்சு, இருக்கிற வீட்டை நல்லா வச்சுக்கோங்க." போனை வைத்தார். அறைக்குள் வந்தார். உலகம்மாளின் கண்கள் வாசலில் காத்திருந்தன. அந்தக் கண்களுக்கு முன்னால் அவர் நாக்கு தானாகப் புரண்டது: "குமரன்தான். வைகாசில வாரானாம். மேல வேலையை ஆரம்பிச்சிருவோம்ங்கான்." அவள் முகத்தின் இடப்பாதி மட்டும் சிரித்தது. அந்தப் பாதிச் சிரிப்புக்காகத்தான் பொய் சொன்னார், அதில் சந்தேகமில்லை. சந்தேகமில்லையா? வைகாசி வந்தது; குமரனுக்கு வேலை நெருக்கடி என்றார். ஆனி வந்தது; சாரல் நேரம், சிமெண்ட் இறுகாது என்றார். ஆடியில் யார் வேலை தொடங்குவார்கள்? ஆவணியில் நல்ல நாள் அமையவில்லை. புரட்டாசி ஆகாது. ஐப்பசியில் மழை. கார்த்திகையிலும் மழை. அடுத்து வருகிற மார்கழி ஆகாது. நம் பஞ்சாங்கம் எவ்வளவு கருணையுள்ளது! பொய் சொல்லும் தகப்பனுக்கு மாதாமாதம் ஒரு சாக்கை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. சாயங்காலந்தோறும் அவர் கட்டிலருகில் உட்கார்ந்து, மாடியில் எந்தப் பக்கம் சமையலறை, பேரப்பிள்ளைகள் விளையாட எவ்வளவு இடம், குற்றால மலை தெரிகிற மாதிரி ஜன்னல் எங்கே என்று சொல்லிவந்தார். சொல்லச் சொல்ல அந்த மாடி வளர்ந்தது. படிக்கட்டுக்குக் கைப்பிடி வைத்தார். ஜன்னலுக்குப் பச்சை வண்ணம் அடித்தார். கீழே, இருக்கிற வீட்டில், பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தது.

இரண்டாவது துளி. இது தோளில். அவள் சிலிர்க்கவில்லை; வலத்தோளுக்கு உணர்ச்சி இல்லை. அதுதான் அவரை அதிகமாகக் கலக்கியது: தண்ணீர் விழுவது அவளுக்குத் தெரியாது, விழுவதைக் காண்பவர் அவர் ஒருவரே. துண்டால் ஒற்றினார். மின்விசிறியின் கொக்கி வழியாகவும் தண்ணீர் இறங்குவதைக் கண்டதும் ஓடிப்போய் மெயினை அணைத்தார். அணைத்தபின்தான் ஞாபகம் வந்தது, படுக்கைப்புண் வராமலிருக்க அவள் முதுகின்கீழ் போட்டிருக்கிற காற்று மெத்தை மின்சாரத்தில் ஓடுவது. அதன் மெல்லிய முனகல் நின்றது. ஒன்றைக் காப்பாற்றப் போனால் ஒன்று போகிறது. மெத்தையிலிருந்து காற்று இறங்க இறங்க அவள் உடம்பு பலகையை நோக்கி இறங்குவதுபோல் இருந்தது. பலகை தரையை நோக்கி, தரை எங்கோ. கட்டிலை நகர்த்திவிட்டால் போதும். சுவரோரம் வரை நகர்த்திவிட்டால்கூடப் போதும். வேங்கை மரக் கட்டில். அவள் பிறந்தகத்துச் சீர். அறைக்குள்ளேயே வைத்துப் பூட்டியது; கழற்றாமல் வாசலில் நுழையாது. குனிந்து காலைப் பிடித்து இழுத்தார். கட்டில் அசையவில்லை, அடிவயிற்றில், முன்பு குடலிறக்கத்துக்கு அறுவை செய்த இடத்தில், ஒரு நெருப்பு அசைந்தது. மூச்சுப் பிடித்து மறுபடியும். மாவட்டப் போட்டிகளுக்கு எத்தனை பிள்ளைகளைக் கூட்டிப் போனவர்! பள்ளிக்கூடத்தில் பி.டி. சார் விசில் ஊதினால் மைதானமே விறைத்து நிற்கும். தலைகீழாக நின்று காட்டுவார். கயிறு ஏறிக் காட்டுவார். அந்தக் கைகளுக்கு இப்போது ஒரு கட்டில் கால் அசைந்து கொடுக்கவில்லை. அவளையாவது தூக்கிவிடலாம் என்று தோள்களுக்கடியில் கை கொடுத்தார். தலை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் கனத்தன. அரை அடி எழுந்த உடல் திரும்ப விழுந்தபோது அவள் தொண்டையில் ஓர் ஒலி எழுந்தது. "வலிச்சிட்டா? ஏளா, வலிச்சிட்டா?" அவள் இடக்கையால் அவர் முழங்கையைத் தட்டினாள். போதும் என்பதற்கும் அதுதான் அடையாளம். பரவாயில்லை என்பதற்கும் அதுதான். இரண்டில் எது என்று கேட்க அவருக்குத் துணிவில்லை. ஒரு குடையை விரித்து அவள் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குள், கூரையின் கீழே, கட்டிய மனைவிக்குக் குடை பிடித்துக்கொண்டு ஒரு மனிதன் நின்றான்.

குடையின்மேல் துளிகள் விழுகிற சத்தம் அணிவகுப்புக்குக் கால் மாற்றுவதுபோல் இருந்தது. லெப்ட், ரைட். லெப்ட், ரைட். நினைவு மைதானத்துக்குப் போயிற்று, காலை வழிபாட்டுக் கூட்டம், அவர் மேடையில். தலைமையாசிரியர் வராத நாளில் நீதிக்கதை சொல்வது அவர் முறை. ஒரு கதையை ஒவ்வோர் ஆண்டும் சொல்வார். ஓர் ஊரில் ஒரு நல்லவன் இருந்தான். தூரதேசம் போகிற சிநேகிதன் ஒருவன், "திரும்பி வரும்போது உன் வீட்டில்தான் சாப்பாடு" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று முதல் அந்த நல்லவன் பந்தியில் ஓர் இலை கூடுதலாகப் போட்டான். நாள்தோறும் சோறு, குழம்பு, பொரியல், எல்லாம் அந்த இலைக்கு முதலில். சிநேகிதன் வரவில்லை, இலையைக் காக்கைக்குப் போட்டார்கள். மறுநாளும் இலை. பஞ்சம் வந்தது, அப்போதும் இலை. பிறகு? பிறகு என்ன ஆயிற்று? குற்றாலிங்கத்துக்குக் கதை அந்த இடத்தில் சிக்கிக்கொண்டது. இலை போட்டான். மறுநாளும் இலை போட்டான். அதற்கப்பால் போகமாட்டேன் என்றது. லெப்ட், ரைட். குடைக்கு மேலே உப்பியிருந்த பூச்சிலிருந்து ஒரு சில்லு கழன்று, குடையில் பட்டுத் தெறித்து, தரையில் நொறுங்கியது. நகத்தளவு. அது போன இடத்தில் கூரையின் உட்கம்பி, பழுப்பாக, விலா எலும்பு தெரிவதுபோல் தெரிந்தது. நகத்தளவு விழுந்தால் கையளவு விழும். கையளவு விழுந்தால்? மேலே போய்த் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினால் நிற்குமோ? கோடையில் தாரை உருக்கிக் கம்பியின் காலடியில் ஊற்றினார்; நிற்கவில்லை. சிமெண்டைக் குழைத்து அப்பினார்; நிற்கவில்லை. ஆனாலும் வேறென்ன செய்வது? கையும் காலும் எதையாவது செய்துகொண்டிருந்தால் மனம் சும்மா இருக்கும். குடையைத் தலையணைகளுக்கிடையில் செருகி, "இந்தா வந்துட்டேன்" என்று சொல்லிப் படியேறினார்.

மேலே நீர் குளமாக நின்றது. வானமும் தளமும் ஒரே சாம்பல். அந்தச் சாம்பலுக்கு நடுவே கன்னிமூலைக் கம்பிகள் கறுப்பாக நின்றன. அவற்றின் நடுவில் காக்கைக் கூடு, நனைந்து சரிந்து. அந்தக் கூட்டினால்தான் பக்கத்து வீட்டோடு பேச்சு நின்றது. லாரிப் பட்டறையில் வேலை செய்கிற கருத்தப்பாண்டி, ஐப்பசியில் ஒரு நாள், தன் மாடியில் நின்று பல்துலக்கிக்கொண்டே, தெருவே கேட்கக் கத்தினான்: "சார்வாள், இங்க பாத்தியளா! உங்க மகனுக்கு முந்தி காக்கா மாடி கட்டிட்டுல்லா! பால் காய்ச்சுதப்போ எங்களைக் கூப்பிடாம விட்டுராதிய!" தெருவில் இரண்டொருவர் சிரித்தார்கள். அவன் மனைவி செண்பகம், "வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இரியும்" என்று அவனை அதட்டினாள். அதுவும் அவருக்குச் சிரிப்பாகவே பட்டது. அன்றோடு அந்த வீட்டுக்காரர்களை வாசலுக்குள் விடவில்லை; உலகம்மாளுக்குத் தலை வாரிவிட வந்த செண்பகத்தையும், "நானே பாத்துக்கிடுதேன்" என்று திருப்பி அனுப்பினார். இப்போது தார்ப்பாயின் ஒரு முனையைக் கம்பியில் கட்டக் குனிந்தவர், கம்பியைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். குளிர்ந்த இரும்பு. கையில் துரு. இந்தக் கம்பிக்கும் கீழே கிடக்கிற அவளுக்கும் இடையில் ஒரு சாண் கான்கிரீட்தான். அதுவும் ஊறிப் போனது. விழுந்தால் முகத்தில் விழும். அவள் தலையைக்கூட விலக்கமாட்டாள். விழுந்தால்... அப்போது அந்த எண்ணம் வந்தது. யாரும் அழைக்காமல், கதவைத் தட்டாமல், ஈரக்காலோடு உள்ளே வந்து நின்றது: விழுந்தால் குமரன் வருவான். அதற்காவது வருவான். வந்து, கூரையைப் பார்த்து, தகப்பன் பட்ட பாட்டைப் பார்த்து, இந்த வீட்டிலேயே...

கம்பியை விட்டார். விட்ட கையை மழையில் நீட்டி அலம்பினார், துரு போயிற்று, எண்ணம் போகவில்லை. யார் நினைத்தது? நானா? அவளுக்காகத்தானே கம்பி, அவள் சிரிப்பதற்காகத்தானே பொய்! அவளுக்காக நிற்கிற ஒன்று, அவள் மேலே இடிந்து விழுந்தாலும் பரவாயில்லை, நான் நின்றால் போதும் என்று எப்படிச் சொல்லும்? அந்தக் கணத்தில் கதையின் முடிவு ஞாபகத்துக்கு வந்தது. கடைசியில் சிநேகிதன் வந்துவிடுவான், வெறும் சிநேகிதன் அல்லன், கடவுள், அந்த நல்லவனைத் தட்டிக்கொடுப்பார், பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஆண்டுதோறும் கைதட்டினார்கள். அந்த வீட்டில் ஒரு மனைவி இருந்தாள் என்பதையும், பஞ்ச காலத்தில் கூடுதலாக விழுந்த அந்த இலைச்சோறு யார் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. நினைத்துப் பார்த்ததுமில்லை. வராதவனுக்கு இலை போடுவது பக்தியாகவே இருக்கட்டும்; ஆனால் பக்கத்தில் இருப்பவளின் வட்டிலைக் காலியாக்கிவிட்டுப் போடுகிற இலை எச்சில் இலையைவிடக் கேவலமானது. ஒரு மனிதன் தன் வீட்டில் முதலில் யாரைப் பார்க்கவேண்டும்? வரப்போகிறவனையா, இருக்கிறவளையா? இதைக் கண்டுகொள்ள ஒருவனுக்கு இத்தனை வயதாகவேண்டுமா, இவ்வளவு மழை பெய்யவேண்டுமா? தார்ப்பாயை அங்கேயே போட்டார். பக்கத்து மாடியைப் பார்த்துக் கூப்பிட வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. மைதானத்தை அதிரவைத்த தொண்டை ஒரு பெயரைச் சொல்லக் கூசியது. என்ன சொல்வது? கூரை விழப்போகிறது என்றா? அப்படியானால் மாடி? தெருவுக்கெல்லாம் சொன்ன மாடி? கீழே ஏதோ விழுந்த சத்தம். வாளியா, கூரையா?

"ஏ கருத்தப்பாண்டி!" என்று அலறினார். "ஏ செண்பகம்! ஓடியாங்க, ஓடியாங்க! என்னால அவளைத் தூக்க முடியல!"

படியிறங்கி ஓடினார். விழுந்தது குடைதான், காற்றிழந்த மெத்தை சரிந்ததால் கவிழ்ந்து கிடந்தது. உலகம்மாளின் முகம் முழுதும் நனைந்திருந்தது. கண்களைச் சிமிட்டிக்கொண்டு கிடந்தாள். அவர் குனிந்து தம் முதுகைக் கூரையாக வைத்துக்கொண்டு நின்றார். வாசலில் காலடிகள். கருத்தப்பாண்டி பனியனோடு வந்தான். உள்ளே வந்ததும் அண்ணாந்து பார்த்தான்.

"என்ன சார்வாள் இது? இதுக்கடியிலயா அக்காவைப் போட்டு வச்சிருக்கிய?"

"கட்டில் நகரல..."

"கட்டிலை விடும். ஏ செண்பகம், அந்தப் போர்வையோட சேத்துப் பிடி. சார்வாள், நீங்க தலைமாட்டுக்கு வராதிய, காலைப் பிடிங்க. உங்களையும் சேத்துத் தூக்க இங்க ஆள் கெடையாது."

"எக்கா, பயப்படாதிய. இந்தா, ஒரு நிமிசம்" என்று செண்பகம் உலகம்மாளின் கன்னத்தை முந்தானையால் துடைத்தாள். "ம், தூக்குங்க!"

போர்வையின் முனைகளைப் பிடித்துத் தூக்கினார்கள். குற்றாலிங்கத்தின் அடிவயிறு கிழிந்துவிடும்போல் வலித்தது, விடவில்லை. அறை வாசலைத் தாண்டி, கூடத்தில் செண்பகம் காலால் தள்ளி விரித்த பாயில் இறக்கியபோதுதான் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. பெரிய சத்தம் அல்ல. ஈர மூட்டையைப் போட்டதுபோல. திரும்பிப் பார்த்தார்கள். தலையணை இருந்த இடத்தில் கூரையின் ஒரு பாளம் கிடந்தது. அதன் தூசு மழையின் ஈரத்தில் எழும்பாமல் அப்படியே படிந்தது. கருத்தப்பாண்டி அறைக் கதவை இழுத்துச் சாத்தினான்.

பேசியவர் குற்றாலிங்கம்தான். யாரும் கேட்காமலேயே, தாமே அறியாமலேயே, நாக்குப் பழகிய தடத்தில் ஓடியது: "தையில குமரன் வந்துருவான். மேல ஒரு தளம் விழுந்துட்டா, அப்புறம் இந்த ஒழுக்கே..."

"போதும் சார்!" செண்பகம் பாயருகில் உட்கார்ந்து உலகம்மாளின் கால்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்தாள். "இன்னும் என்ன சார்? அக்காவுக்கு எல்லாந் தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஆனி மாசத்துல நீங்க போனை வீட்டுல வச்சிட்டு மருந்து வாங்கப் போயிட்டிய. குமரன் கூப்புட்டான். நான்தான் அக்கா காதுல வச்சேன். அவனே அம்மைகிட்டச் சொன்னான், ஃபிளாட் வாங்கிட்டேன், மாடி வேண்டாம்மா, அப்பா கேக்க மாட்டுக்காகன்னு. சொல்லிட்டு அழுதான் சார் அவன். நான் உங்ககிட்டச் சொல்லணும்னு எந்திரிச்சேன். அக்கா என் கையைப் பிடிச்சிக்கிட்டா. வாயில விரலை வச்சிக் காமிச்சா."

கருத்தப்பாண்டி மனைவியின் தோளைத் தொட்டு, "வா, அடுப்புல வெந்நீ வச்சிக் கொண்டாருவோம். அக்காவுக்கு உடம்பு நடுங்குது" என்றான். வாசலில் நின்று, "சார்வாள், இன்னைக்கு நம்ம வீட்டுக்கு வந்துருங்க. ரெண்டு பேரும்" என்று சொன்னான். போய்விட்டார்கள்.

கூடத்தில் அவரும் அவளும் இருந்தார்கள். அவர் நின்றுகொண்டிருந்தார், அவள் தரையில், பாயில். ஆனி. ஆனியிலேயே தெரியும். அப்படியானால் ஆடி முழுதும், ஆவணி முழுதும், அவர் சமையலறையைக் கிழக்கே தள்ளி வைத்தபோதும், ஜன்னலுக்கு வண்ணம் அடித்தபோதும், அவள் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள். கன்னிமூலையிலிருந்து தண்ணீர் தன்னை நோக்கி நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டே பாதி முகத்தால் சிரித்திருக்கிறாள். பொய்யைச் சொன்னவர் அவர், சுமந்தவள் அவளா? உலகத்தில் ஒருவரை ஒருவர் நேசிக்கிறவர்கள் உண்மையை மறைத்துக் காக்கிறோம் என்று நினைத்து, ஒருவரை ஒருவர் நனைய விடுகிறார்களே! இதைச் சொல்ல அவருக்கு எந்த மேடையும் இல்லை. கைதட்ட எந்தப் பிள்ளையும் இல்லை. நாளை காலையில் விழித்ததும் அவளிடம் என்ன பேசுவது? மாடி போய்விட்டால் இந்த வீட்டில் பேச வேறென்ன இருக்கிறது? இவ்வளவு காலமும் ஒழுகாமல் இருந்த ஒரே இடம் அதுதானே.

"குமரன் வரமாட்டான், உலகு" என்றார். அந்த மூன்று சொற்களையும் சொல்லி முடிக்க அவர் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. "கம்பியை அறுத்துருவோம்."

அவள் கண்களை மூடித் திறந்தாள். தெரியும் என்பதற்கு அது.

"ஏன்ளா சொல்லல? எங்கிட்ட ஒரு சாடை காமிச்சிருக்கக் கூடாதா? அந்தப் பாளம் உன் மேல விழுந்திருந்தா?"

அவள் உதடுகள் முயன்றன. சொற்கள் அவளுக்கு ஒவ்வொன்றாகத்தான் வரும்; நடுவில் நீண்ட வெற்றிடம். அவர் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை, ஒரு சொல்லையும் அவளுக்காக எடுத்துக் கொடுக்கவில்லை. பங்குனிக்குப் பிறகு அவள் சொல்வதற்காக அவர் இப்படிக் காத்திருந்தது இதுதான் முதல்முறை.

"நீங்க..." என்றாள் அவள். "நீங்க... அதுலதான... குடியிருந்திய."

அறைக்குள் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வாளி நிறைந்து வழிவது கேட்டது. அதை எடுத்து ஊற்ற அவர் போகவில்லை. சுவரைப் பிடித்து, வலிக்கிற வயிற்றை ஒரு கையால் தாங்கி, ஒரு முழங்காலை ஊன்றி, பிறகு மற்றொன்றை ஊன்றி, மெல்ல மெல்ல, அவள் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தார்.